ஆயாவின் அட்டிகையை உருக்கி 'ஆண்டிக்' வாங்குவதற்கு முன்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, மதுரை என்று எந்த ஊர் நகைக்கடையில் ஏறினாலும் இப்போது 'செட்டிநாடு ஆண்டிக்' என்று ஒரு தட்டை எடுத்து வைக்கிறார்கள். மாங்காய் மாலை, கண்டசரம், சிவப்புக்கல் அட்டிகை எல்லாமே மங்கிய செம்பழுப்பு நிறத்தில் இருக்கின்றன. அதை வாங்க வருகிறவர்களில் பலர் கையில் கொண்டு வருவது வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த அசல் அட்டிகை. அசலை எடைக்குப் போட்டுவிட்டு நகலை வாங்கிப் போகிறோம். இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. அப்பத்தா நினைவு, ஆயா (அம்மாவின் அம்மா) நினைவு என்று உருகச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் முதலில் பாருங்கள்.

தராசில் 64 கிராம், அதாவது 8 பவுன் காட்டுகிற ஒரு பழைய கல் அட்டிகையை எடுத்துக்கொள்வோம். கல்லும் அரக்கும் 12 கிராம் என்றால் தங்கம் 52 கிராம். பழைய நகையில் ஒவ்வொரு இணைப்பிலும் பொடி வைத்து ஊதியிருப்பார்கள். பொடி என்பது தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்தது; அப்படிக் கலந்தால்தான் நகை உருகுவதற்கு முன் அது உருகிப் பிடிக்கும். அட்டிகையில் கல்லுக்குக் கல் இணைப்பு. ஆகவே மொத்தமாக உருக்கினால் தங்கத்தின் சுத்தம் 86 சதவீதம் என்று வருவதில் வியப்பில்லை. 52 கிராமில் 86 சதவீதம் 44.7 கிராம் சுத்தத் தங்கம். 916 கணக்கில் அது 48.8 கிராம். புதிய நகைக்கு சேதாரம் 18 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று வையுங்கள். பழைய நகையைக் கழித்த பிறகுள்ள தொகைக்கு இல்லை, புதிய நகையின் முழு மதிப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு. கையை விட்டுப் பணம் போடாமல் நீங்கள் வாங்கக்கூடியது சுமார் 40 கிராம். எட்டுப் பவுனோடு உள்ளே போய் ஐந்து பவுனோடு வெளியே வருகிறீர்கள். பழைய கற்களுக்குப் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அவற்றைக் காகிதத்தில் மடித்துத் திருப்பித் தந்தாலே பெரிது, அதையாவது மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

"உள்ளே அரக்கை அடைத்து அந்தக் காலத்து ஆசாரி ஏமாற்றிவிட்டார்" என்று சிலர் சொல்வதைக் கேட்டால் மனது வலிக்கிறது. அரக்கு ஏமாற்று இல்லை, அதுதான் அந்த வேலையின் முதுகெலும்பு. மெல்லிய தகட்டில் நகாசு (உருவம் புடைக்கத் தட்டும் கைவேலை) தட்டும்போது பின்னால் ஒரு தாங்கல் வேண்டும். கல்லைப் பதிக்கும்போது அடியில் ஒரு படுக்கை வேண்டும். அரக்கு இல்லாமல் அத்தனை பெரிய வடிவத்தைக் கெட்டித் தங்கத்தில் செய்தால் கழுத்து தாங்காது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்குக் கொடுத்த ஒவ்வொரு நகையையும் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி என்ற பழைய எடைக் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். சரடு, சட்டம், அரக்கு, பிஞ்சு எல்லாம் உட்பட இவ்வளவு, நூல் நீக்கி இவ்வளவு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த விவரத்தை நம் வீட்டு நோட்டில் நாம் எழுதி வைக்கவில்லை, அதுதான் குறை. மூடிய நகையின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. மதுரையில் ஒரு சிலம்பை உடைத்த பிறகுதானே உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்று தெரிந்தது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் நகை எந்தக் காலத்தது என்று பார்ப்போம். செட்டிநாட்டில் நகை செழித்ததற்கு நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயாவில் நடத்திய வட்டித் தொழில்தான் காரணம். பர்மாத் தேக்கு வந்த வழியில்தான் மோகோக் சுரங்கத்துச் சிவப்புக்கல்லும், அதாவது மாணிக்கமும் வந்தது. ஆனால் 'பர்மா சிவப்பு' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் பர்மாவில் வெட்டியெடுத்ததாக இருக்க வேண்டியதில்லை. வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சுடரில் மாணிக்கத்தை வளர்க்கும் முறையை 1902-இல் அறிவித்தார். அதற்குப் பிறகு செயற்கைச் சிவப்பு உலகமெங்கும் மலிவாகக் கிடைத்தது, இந்திய நகைகளிலும் புகுந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் செயற்கைக் கல்லுக்குள் கிராமபோன் தட்டின் கோடுகள் போல வளைந்த வரிகளும் உருண்டைக் காற்றுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் வரிகள் நேராகவோ கோணமாகவோ ஓடும், பட்டு இழை போல நுண்ணூசிகள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். செயற்கைக் கல் இருப்பதால் நகை மட்டமாகிவிடாது. 1920-களில் செய்த அட்டிகையில் அந்தக் காலத்துச் செயற்கைக் கல் இருப்பதும் அதன் வரலாறுதான். விலை பேசும்போது மட்டும் தெரிந்து பேச வேண்டும்.

வைரத்தோட்டுக்கும் இதேதான். 'ப்ளூ ஜாகர்' என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே 1870-இல் வைரம் கிடைத்தது. இன்று கடையில் ப்ளூ ஜாகர் என்றால் அந்தச் சுரங்கத்துக் கல் என்று பொருளில்லை. வெயிலில் இளநீலம் அடிக்கும் கல் என்றுதான் பொருள். அந்த நீலம் புற ஊதா ஒளிக்குக் கல் ஒளிர்வதால் வருவது. அளவோடு இருந்தால் அழகு, மிகுந்தால் சில கற்கள் பால் படர்ந்த மாதிரி மங்கித் தெரியும். பழைய ஏழுகல் தோட்டில் கல்லை மேலிருந்து பார்த்தால் நடுவே ஒரு சிறு வட்டம் தெரிகிறதா? அடிமுனையைக் கூராக்காமல் தட்டையாக விட்ட பழைய பட்டை அது. அதைப் புதிய பட்டைக்கு மாற்றித் தருகிறோம் என்பார்கள். மாற்றினால் செண்ட் (வைரத்தின் எடை) குறையும், பழமையின் அடையாளமும் போய்விடும். ஆய்வுக்கூட வைரம் பெருகிவிட்ட இந்த நேரத்தில், பழைய கட்டிலேயே இருக்கும் பழைய பட்டை வைரம் தன் வயதுக்குத் தானே சாட்சி. கட்டைப் பிரித்துக் கல்லைத் தனியே எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி பலவீனமாகிவிடும்.

அடுத்து ஒரு முக்கியமான ஆண்டு, 1963. சீனப் போருக்குப் பின் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. புதிய நகை 14 கேரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார்கள். அந்தத் தடை சில ஆண்டுகளில் விலகினாலும், 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1990 வரை இருந்தது. உலைமுன் உட்கார்ந்திருந்த எத்தனையோ பத்தர் (பொற்கொல்லர்) குடும்பங்கள் அதில் நொடிந்து வேறு வேலைக்குப் போயின. கைவேலை மெலிந்ததற்கு மெஷின் மட்டும் காரணமில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய நகையை உருக்கினால் அதைத் திரும்பச் செய்ய ஆள் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். 1960-களின் நடுவில் செய்த நகை வீட்டில் இருந்தால் மட்டும் கேரட்டைச் சோதித்துவிடுங்கள், 14 ஆக இருக்க வாய்ப்பு உண்டு.

சோதிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடையில் வைத்திருக்கும் கேரட் மீட்டர் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். முலாம் பூசிய இடத்தில் வைத்தால் கூடுதலாகக் காட்டும், பொடி வைத்த இணைப்பில் வைத்தால் குறைவாகக் காட்டும். எனவே முன் தகடு, பின் தகடு, வளையம், கொக்கி என்று குறைந்தது நான்கு இடத்தில் வைக்கச் சொல்லி, நான்கு எண்ணையும் எழுதி வாங்குங்கள். தகட்டில் 91, கொக்கியில் 80 என்று வந்தால் கொக்கி பின்னால் மாற்றியது என்று புரிந்துகொள்ளலாம். ஹால்மார்க் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஹால்மார்க்கோடு பொறிக்கும் ஆறு எழுத்து அடையாளக் குறியான எச்யூஐடி கட்டாயம் என்பது கடைக்காரர் விற்கும் நகைக்கு. 2023 ஏப்ரல் 1 முதல், சில விலக்குகள் தவிர, அது இல்லாமல் அவர் விற்க முடியாது. உங்கள் வீட்டுப் பழைய நகையை வைத்திருக்கவும் விற்கவும் அது தடையில்லை.

இனி அந்த 'ஆண்டிக்' தட்டுக்கு வருவோம். அதில் பெரும்பகுதி அச்சில் வார்த்த காஸ்டிங். நகையைத் திருப்பிப் பாருங்கள். கையால் நகாசு தட்டியதில் முன்புறம் புடைத்த இடமெல்லாம் பின்புறம் குழிந்திருக்கும். பத்து மாங்காயில் ஒன்று மற்றொன்று போல இருக்காது. வார்ப்பில் எல்லா மாங்காயும் அச்சடித்தாற்போல ஒரே அளவு, விளிம்புகள் மழுங்கல், லென்ஸில் ஊசிமுனைத் துளைகள். பழைய நிறம் என்பது மருந்தில் கருக்க வைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்து எடுத்தது. வியர்வையும் சோப்பும் பட்டுச் சில ஆண்டுகளில் அது திட்டுத் திட்டாகப் போகும், மறுபடியும் பாலிஷ் போட வேண்டும். உண்மையான பழமையின் நிறம் பள்ளத்தில் மட்டும் தங்கும். மேட்டில் தோல் பட்டுப் பட்டு ஒரு மென்மையான பளபளப்பு ஏறியிருக்கும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் பிறகு ஏமாற மாட்டார்கள். புதிய நகை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழையது இல்லாதவர்கள் தாராளமாக வாங்கட்டும், கைவேலை செய்கிற பத்தரிடம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்பதும் என் கருத்து இல்லை. மெஷின் சங்கிலி, நசுங்கிய வளையல், ஒற்றையாகிப் போன கம்மல், பத்து இடத்தில் பொடி கட்டிப்போன மோதிரம் ஆகியவற்றைத் தயங்காமல் போடலாம். கைவேலை உள்ளது, கல்கட்டு உள்ளது, சடங்குக்கு உரியது ஆகிய மூன்றையும் தொடாதீர்கள்.

சடங்குக்கு உரியதில் முதலாவது கழுத்துரு, நகரத்தார் திருமணத்தில் கட்டும் தாலி நகை. கழுத்திரு என்றும் எழுதுகிறோம். திருமாங்கல்யம், விரல் போல முனை நீண்ட ஏத்தனங்கள், உருக்கள், சரிமணி, கடைமணி, துவாளை, குச்சி, தும்பு என்று முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகளைக் கோத்துத் திருப்பூட்டும் இந்த நகைக்கு ஈடான வடிவம் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. இங்கே அதைப் பிரித்து, பெண்ணுக்கு இரண்டு நெக்லஸ் செய்துவிடலாமா என்று யோசிக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியில்தானே கிடக்கிறது என்பது காரணம். மணிவிழாவுக்கு மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கிறதே!

கழுத்துருவில் தங்கம் கெடாது, நூல்தான் கெடும். மஞ்சள் ஈரத்தோடு நூலைக் கோத்துப் பெட்டியில் வைத்தால் துளைக்குள் நூல் இற்றுப்போகும், எடுக்கும்போது உரு உருண்டோடும். மஞ்சள் தேய்த்த நூலை நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே கோக்க வேண்டும். பழைய நூலை வெட்டுவதற்கு முன் நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். வெட்டாமல் பழைய நூலின் முனையில் புதிய நூலை முடிந்து, உருக்களை ஒவ்வொன்றாக நகர்த்தினால் வரிசை மாறவே மாறாது. உருக்கள் மிக இறுகினால் ஒன்றையொன்று உரசித் தேயும். மிகத் தளர்ந்தால் துளை விளிம்பு நூலை அறுக்கும். விளிம்பு கூராக இருந்தால் பத்தரிடம் கொடுத்து மழுக்கிக்கொள்ளுங்கள். அரைநாள் வேலைகூட இல்லை.

உடுத்துவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய நகையை இப்போது கனமான சரிகைப் பட்டின் மேல், ஐந்து அடுக்காகப் போடுகிறார்கள். ஒன்றும் தெரிவதில்லை. பழைய படங்களில் ஆச்சிமார் எளிய சேலையின் மேல் ஒன்றிரண்டு பெரிய நகைதான் போட்டிருப்பார்கள், நகை தனியே நின்று பேசும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கி இதற்கென்றே நெய்தது போன்ற சேலை. அரக்கு, கடுகு நிறக் கண்டாங்கி, கழுத்தை ஒட்டிய ரவிக்கை, அதன் மேல் ஒரே ஒரு சிவப்புக்கல் அட்டிகை, காதில் தோடு. இருபது வயதுப் பெண் அப்படி ஒரு நாள் போட்டுப் பார்க்கட்டும், அட்டிகை பழைய மோஸ்தர் என்று பிறகு சொல்ல மாட்டாள். அட்டிகை கழுத்துக்கு இறுக்கமாக இருந்தால் வெட்டி இணைக்க வேண்டாம், பின்னால் பட்டுக் கயிறு வைத்து நீட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, பழுதும் பராமரிப்பும். அரக்கு அடைத்த நகையில் தீ படக் கூடாது. வளையம் விட்டுப்போனால், லேசர் சால்டரிங் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள், அதில் சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடும். கொடுக்கும்போது நூல் இல்லாத எடையை மில்லிகிராம் வரை எழுதி, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வாங்கும்போது எடை கூடியிருந்தாலும் காரணம் கேளுங்கள். பொடி கூடியிருக்கலாம், அரக்கு மாற்றியிருக்கலாம். வெறும் தங்க நகைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பின்பக்கம் மூடிய கல் நகையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. உள்ளே ஈரம் இறங்கினால் கல்லுக்கு அடியில் உள்ள மினுக்குத் தகடு கறுத்து, கல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். ஈரத்தைப் பிழிந்த துணியால் மேலே மட்டும் ஒற்றி எடுங்கள். மரகதத்துக்கு வெந்நீர் ஆகாது, விரிசல்களில் ஏற்றிய எண்ணெய் போய்விடும். முத்துக்கும் பவளத்துக்கும் எலுமிச்சை, புளி எதுவும் ஆகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே துவைத்த மல் துணியில் சுற்றி, எடையும் விவரமும் எழுதிய சீட்டை அதனுள்ளேயே வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் நகையில் கலந்திருக்கும் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். லாக்கரில் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்து, மழையில்லாத ஒரு நாளில் நிழலில் பரப்பி வைத்து, கல் ஆடுகிறதா என்று காதருகே லேசாகத் தட்டிக் கேளுங்கள். சத்தம் வந்தால் கல் விழுவதற்கு முன்பே பத்தரிடம் போய்விடலாம்.