ஒரு பகல் பார்த்துவிட்டு மலைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

காஷ்மீரின் பனிமலை ஊரான குல்மார்க் போய்வந்த சேலத்துக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்தே தீர வேண்டும்" என்கிறது ஒரு கட்சி. "பணத்தைப் பிடுங்கும் இடம், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்" என்கிறது இன்னொன்று. அஸ்தம்பட்டியில் என் நாத்தனார் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் இந்தச் சண்டை பொங்கலுக்கு முன்பே மூண்டுவிட்டது. இன்னும் ஓயவில்லை. நாத்தனார் அதையெல்லாம் எனக்கு அனுப்பி, "நீங்களும் வந்தீர்களே அண்ணி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். குழுவில் எழுத இடம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டுக்காரி. காப்பித் தோட்டத்தை ஒட்டிச் சில அறைகள் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஒரு மலையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதை வருடக்கணக்கில் கேட்டு வருபவள். காப்பிப் பழம் பறித்து முடித்த கையோடு, பிப்ரவரியில் நாத்தனார் குடும்பத்துடன் குல்மார்க் போனோம். அங்கே நானும் ஒரு வெளியூர்க்காரிதான். ஆனாலும் கேட்கிற கருத்துகளில் பாதிக்குமேல் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குல்மார்க்கைத் திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் குல்மார்க்கைப் பார்க்கவே இல்லை. அவர்கள் பார்த்தது ஒரு பகல். சேலத்தில் விற்கப்படும் காஷ்மீர் பயணத் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் குல்மார்க், ஒரு நாள் பஹல்காம், ஒரு நாள் சோனாமார்க். காலையில் ஸ்ரீநகரில் கிளம்பி ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். பனி அதிகமாக இருந்தால் டங்மார்க் என்ற அடிவார ஊரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வேறு வண்டிக்கு மாற வேண்டும். அங்கேயே கம் பூட்ஸும் கம்பளிக் கோட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும். மேலே போனதும் கண்டோலாவுக்கு, அதாவது மலையேற்றும் ரோப்காருக்கு, வரிசை. பனியில் இழுத்துப் போகும் பலகையான ஸ்லெட்ஜில் ஒரு சவாரி, நாலு படம், கைவிறைக்க ஒரு சாப்பாடு. நான்கு மணிக்கெல்லாம் ஓட்டுநர் அவசரப்படுத்துவார். இதற்கு நடுவே, இரண்டு கையையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதற்குப் பெயர் பனிச்சறுக்கு. இதை வைத்துக்கொண்டு "அங்கே ஒன்றுமில்லை" என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இதே வாக்கியத்தை எங்கள் ஊருக்கும் எழுதுகிறார்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமை, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, ஏரியைச் சுற்றி இடம் தேடி அலைந்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஏற்காட்டில் பார்க்க ஒன்றுமில்லை" என்று பதிந்துவிட்டு இறங்குகிறார்கள். கிளியூர் அருவியில் கோடையில் தண்ணீர் இல்லை என்பதற்காக ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களும் உண்டு. ஏரி நிரம்பி வழிந்தால்தான் அந்த அருவிக்குத் தண்ணீர் வரும். ஏப்ரலில் ஏரி எப்படி நிரம்பும்?

குல்மார்க் எவ்வளவு உயரம் என்பதைப் போகிறவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளி, அதாவது நாம் வண்டியிலிருந்து காலை ஊன்றும் தரை, ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உச்சி அங்கே தொடக்கம். அங்கிருந்து கண்டோலா முதல் கட்டத்தில் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டத்தில் அபர்வத் மலைத் தோளுக்கும் ஏறுகிறது. முடிவில் ஏறத்தாழ 4,000 மீட்டர். எங்கள் சேர்வராயன் உச்சி 1,623 மீட்டர்தான். அந்த 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீத அளவுக்குக் குறைந்துவிடும். "அம்மாவுக்கு மேலே மூச்சு வாங்கியது, யாரும் கவனிக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அம்மாவுக்காக எனக்கும் மனம் வலிக்கிறது. ஆனால் எழுபது வயதுக்காரரை ஒரே காலையில் ஸ்ரீநகரிலிருந்து அந்த உயரத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைப் போட்டவர் யார்? முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது டிக்கெட் விற்றவரின் கடமை.

அடுத்த பெரிய புகார், இரண்டாம் கட்டம் மூடியிருந்தது என்பது. "நல்ல வெயில் அடித்தது, அப்போதும் மூடிவைத்து ஏமாற்றினார்கள்." இந்தப் புகாரைப் படிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. கீழே வெயில் அடித்தால் மேலே காற்று இல்லை என்று பொருளா? பழனியில் பலத்த காற்று அடித்தால் ரோப்காரை நிறுத்துகிறார்கள். நாம் முருகா என்று சொல்லி வின்ச் வரிசைக்கு நகர்கிறோம். அங்கே யாரையும் மோசடிக்காரர் என்பதில்லை. குல்மார்க்கில் 2017 ஜூன் மாதம் பலத்த காற்றில் மரம் சாய்ந்து கம்பிமேல் விழுந்து, கண்டோலாவில் இருந்தவர்களில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். பனிக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. புதிதாக விழுந்த பனி பழைய பனியோடு ஒட்டாமல் கனத்துக் கிடக்கும்போது சரிவு மொத்தமாகப் பெயர்ந்து இறங்கும். 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அப்படிப்பட்ட பனிச்சரிவுகளில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். பழகியவர்களுக்கே அந்த நிலைமை. மேல்தளத்தை மூடிவைத்த ஊழியருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

"பனியே இல்லை" என்ற வருத்தம் வேறு வகை. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் குற்றவாளி வேறு. காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருவது மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள். அவை வலுவிழந்தால் மலை காய்ந்து கிடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லோடு நின்ற படங்களை நாடே பார்த்தது. 2025இல் அங்கே பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். தேசியப் போட்டிக்கே கிடைக்காத பனி, நம் விடுமுறைத் தேதிக்கு மட்டும் கிடைத்துவிடுமா? "ஜனவரியில் பனி உறுதி" என்று அச்சடித்து விற்கிறவர்களிடம் கேளுங்கள் அந்தக் கேள்வியை. என் நாத்தனாருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பனி இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதனால்தான் நாங்களே தேதியைத் தள்ளிப்போட்டுத் தனியாகப் போனோம்.

மனிதர்கள் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டங்மார்க்கில் வண்டிக் கதவைத் திறப்பதற்குள் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் கண்டோலாவில் ஏறவே விடமாட்டார்கள் என்று ஒருவர் சாதித்தார். அது பொய். ஈரம் காயாத பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு நாத்தனார் நாள் முழுவதும் அவதிப்பட்டார். பெண்களுக்குக் கழிப்பறை தேடி அந்தக் குளிரில் அலைந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வெள்ளைப் பனியில் சிப்ஸ் பொட்டலங்கள் கிடந்தன. அவற்றைப் போட்டது நம்மைப் போன்ற பயணிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தப் புகார்களை உரக்கச் சொல்லுங்கள். எந்த இடம், என்ன வாடகை, என்ன சொல்லி ஏமாற்றினார்கள் என்று விவரமாக எழுதுங்கள். அது அடுத்து போகிறவருக்கு உதவும். "எல்லாரும் திருடர்கள்" என்று எழுதுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

ஏனென்றால் அந்த "எல்லாரும்" என்ற சொல்லுக்குள் ஸ்லெட்ஜ் இழுப்பவரும் வந்துவிடுகிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை. மரப்பலகை ஒன்று, அதன் முன்னால் ஒரு கயிறு. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை பனியில் புதைய, நல்ல உடல்வாகு உள்ள ஒருவரை ஏற்றத்தில் இழுத்துப் போகிறார் ஒரு மனிதர். எங்களுக்கு இழுத்தவருக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். பனிக்கால வருமானம் சில மாதம்தான், பனி தாமதமானால் அதுவும் குறையும் என்றார். ஏற்றம் வந்ததும் நாத்தனார் மகள் இறங்கி நடந்தாள். அவர் மூன்று முறை வேண்டாம் என்றார், அவள் கேட்கவில்லை. அதே இடத்தில், நம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பேசிய கூலியில் பாதியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, தங்களை இழுத்தவர் கெஞ்சுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் எந்தத் தலைப்போடு வெளியே போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சேர்வராயன் கோயில் போகும் வழியில் கொய்யாவும் பலாச்சுளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் மலைக்கிராமத்துப் பெண்களிடம், பெரிய காரிலிருந்து இறங்கிப் பத்து ரூபாய்க்குச் சண்டை போடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மலை நம்மைப் பற்றி என்ன கருத்து வைத்திருக்கும் என்று யாராவது யோசிக்கிறோமா?

வெளிநாட்டுச் சறுக்குப் பிரியர்களிடம் குல்மார்க்கைப் பற்றிக் கேட்டால் வேறொரு ஊரைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும். நாங்கள் தங்கிய விடுதியில் அப்படிச் சிலர் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஐரோப்பாவின் பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் லிப்டுகள் ஏராளம், இயந்திரம் வைத்துச் சமன்செய்த பாதைகள், பக்கத்துக்குப் பக்கம் அறிவிப்புப் பலகைகள். அந்த வசதியை எதிர்பார்த்து வருகிறவர் குல்மார்க்கில் ஏமாந்துதான் போவார். கண்டோலாவும் ஒரு சேர்லிப்டும், தொடக்கக்காரர்களுக்கு மேட்டில் இழுத்துவிடும் சில லிப்டுகளும்தான் அங்கே இருக்கின்றன. ஆனால் அபர்வத்தின் அகன்ற சரிவுகளில் யாரும் தொடாத, மாவைப் போல உதிரும் பனி கிடக்கிறது. அதற்காகத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள். மேல்தளம் மூடியிருக்கும் நாளில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். முகம் சுளிப்பதில்லை. காத்திருக்க அவர்களுக்கு நாள் இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

நாங்களும் அங்கேயே தங்கினோம். நாத்தனார் மகள் முறையான பயிற்சியாளரை வைத்துக் கற்றுக்கொண்டாள். முதல் காலை முழுவதும் விழுவதும் எழுவதும்தான் பாடம். பிறகு, பலகைகளின் முன்முனைகளை உள்பக்கம் நெருக்கி, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது. நிற்கத் தெரியாமல் சறுக்கக் கற்பதில்லை என்று அந்தப் பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் அவள் சிறிய சரிவில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி வந்து, தானாக நின்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு, குல்மார்க்கில் ஒன்றுமில்லை என்று எந்தக் குழுவில் யார் எழுதினாலும் நான் சும்மா இருக்கப்போவதில்லை. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கிலேயே பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் உண்டு. அதைப் பற்றி நம் ஊரில் பயணம் விற்கிறவர்கள் ஒருவர்கூட வாய்திறந்து நான் கேட்டதில்லை.

போய்வந்தவர்கள் சிலர், "ஏற்காட்டுக்கும் இப்படி ஒரு ரோப்கார் போட்டால் எப்படி இருக்கும்!" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். வேண்டாம். எங்களுக்கு வேண்டியது சுத்தமான கழிப்பறைகள், வண்டி நிறுத்த ஒழுங்கான இடம், கோடையில் கிராமங்களுக்குக் குடிநீர். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். விடுமுறை நாள்களில் ஏற்காட்டுக்கும் அது வர வேண்டும் என்பது என் கட்சி. என் அறைகள் சில நாள் காலியாகக் கிடக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இனி, வரும் பனிக்காலத்துக்குத் திட்டமிடும் அஸ்தம்பட்டிக் குழுவுக்கு. சேலம் ஜங்ஷனிலேயே ஏறி ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கட்ரா வரை போகலாம். அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கு ரயில் இருக்கிறது. நாள் நிறைய ஆகும், அதற்கு மனம் இருந்தால் மட்டும். பஹல்காம், சோனாமார்க் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு, மிஞ்சும் நாளைக் குல்மார்க்கிலேயே தங்கக் கொடுங்கள். கண்டோலா டிக்கெட்டை இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் கொங்டூரியோடு திரும்பட்டும். நல்ல பூட்ஸும் கையுறையும் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். ஸ்லெட்ஜுக்குக் கூலியை ஏறும் முன் பேசுங்கள், பேசியதைக் குறைக்காதீர்கள். ஜனவரியா பிப்ரவரியா என்று கேட்டால், பிப்ரவரி என்பேன்.