அது உங்கள் பீரியட் இல்லை, மிஸ்

நேற்றும் பி.டி. பீரியட் போய்விட்டது. இந்த முறை எடுத்துக்கொண்டது அறிவியல். போன வாரம் கணக்கு, அதற்கு முந்தின வாரமும் கணக்கு, அதற்கும் முன்னால் டெஸ்ட் பேப்பர் கொடுக்க. வாரத்துக்கு இரண்டு பீரியட் என்று டைம்டேபிளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து வாரமாக ஒன்றுகூட நடக்கவில்லை.

மகள் வந்து ஷூவைக் கழற்றிப் போட்டாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருக்கிற வரிப்பள்ளங்களில் ஒரு பொட்டு மண் இல்லை. காலையில் நான் வெள்ளை பூசிக் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விளையாட்டு ஷூ இவ்வளவு சுத்தமாக இருக்கலாமா? வயிறு எரிந்தது எனக்கு.

"இன்னைக்கும் விடலையா?" என்றேன்.

"போர்ஷன் முடியலையாம்மா" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். பழகிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை நேரே பள்ளிக்கே போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் இருபது நிமிடம் நின்ற பிறகு அறிவியல் டீச்சர் வெளியே வந்தார். "ரெண்டு பாடம் பாக்கி இருக்கு மேடம், எக்ஸாம் வருது. பி.டி. பீரியட் சும்மாதானே இருக்கு, அதான் எடுத்துக்கிட்டேன்."

சும்மா! அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. வளர்கிற பிள்ளைகள் ஓடுவதற்கும் குதிப்பதற்கும் மூச்சு வாங்குவதற்கும் வைத்த நாற்பது நிமிடம் இவருக்குச் சும்மா. "சரி மிஸ், பாக்கிப் பாடத்துக்கு இங்கிலீஷ் பீரியடைக் கேட்டீங்களா?" என்றேன். "அது எப்படிங்க கேக்க முடியும், அவங்களுக்கும் போர்ஷன் இருக்கே" என்றார். இங்கிலீஷிடம் கேட்கக் கூடாது, கணக்கிடம் கேட்கக் கூடாது, பிள்ளையின் உடம்பிடம் மட்டும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

பி.டி. மாஸ்டரையும் கூப்பிட்டார்கள். கையில் லேட் வந்தவர்களின் பெயர் எழுதுகிற நோட்டோடு வந்து நின்றார். காலையில் கேட் டியூட்டி, மாலையில் பஸ் வரிசை, விழா என்றால் நாற்காலி போடுவது, நடுவில் யாராவது சத்தம் போட்டால் அதட்டுவது. உடற்கல்வி படித்துவிட்டு வந்த மனிதரின் வேலை இவ்வளவுதான். "கேட்டா குடுத்துடணும்னு சொல்லியிருக்காங்க மேடம், நான் என்ன பண்ண?" என்றார். அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அது உங்கள் பாடம் சார், ஒரு தடவையாவது "தர மாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம்.

கடைசியில் தலைமையாசிரியை அறை. நான் பேசி முடிக்கும்வரை மேஜைமேல் இருந்த பேப்பர்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க பொண்ணு கணக்குல கொஞ்சம் வீக். முதல்ல அதைக் கவனிங்க" என்றார்.

கவனிக்கிறேன். அதற்கு அவளை ஏன் கட்டிப்போட வேண்டும்? விளையாட்டு நேரம் படிப்பைக் கெடுக்கிறதா என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2010-ல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்குச் சற்று மேலான முடிவுகளில் படிப்புக்கு நல்லதே நடந்திருந்தது. மீதி கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கெடுதல் என்று வந்தது 100-க்கு 2 கூட இல்லை. அப்படியானால் இந்தப் பறிப்பு எந்த மார்க்குக்காக?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்று இருக்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி ஒழுங்காகக் கொடுத்தாலே 80 நிமிடம்தான். வரிசை நின்று, அட்டென்டன்ஸ் எடுத்து, மைதானத்துக்கு நடந்து போய்த் திரும்புவதைக் கழித்தால் ஐம்பது தேறுமா? அந்த ஐம்பதைத்தான் பிடுங்கிக்கொள்கிறார்கள். 11 முதல் 17 வயது வரை பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் 100-க்கு 81 பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை என்று அதே நிறுவனத்தின் ஆய்வு 2019-ல் சொன்னது. 146 நாடுகளின் கணக்கு அது. பெண் பிள்ளைகளில் 85 பேர். என் மகளும் அதில் ஒருத்தி. எலும்பு கெட்டிப்படுகிற வயது இதுதான். இப்போது சேர்க்காததை நாற்பது வயதில் மாத்திரை போட்டுச் சேர்த்துவிட முடியாது.

கண்ணையும் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை அவள் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் பள்ளி நாட்களில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வகுப்புக்கு வெளியே, திறந்த வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். அதே நாற்பது நிமிடம்! ஒரு பீரியட்!

சரி, அபூர்வமாக மைதானத்துக்கு விட்ட நாளில் என்ன நடக்கிறது? நாற்பது பேருக்கு ஒரு பந்து. டீமில் இருக்கிற ஏழெட்டுப் பையன்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மரத்தடியில். பெண் பிள்ளைகள் பையன்களின் வாட்ச்சையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குண்டாக இருக்கிற பிள்ளை, மூச்சிரைப்பு உள்ள பிள்ளை, ஓடினால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயப்படுகிற பிள்ளை, இவர்களுக்குத்தான் இந்த நேரம் அதிகம் தேவை. இவர்களைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை. ஹோம்வொர்க் எழுதவில்லையென்றால் "மைதானத்தை அஞ்சு ரவுண்டு ஓடு." சத்தம் போட்டால் "இன்னைக்கு பி.டி. கிடையாது." ஓடுவதும் தண்டனை, ஓடவிடாததும் தண்டனை. இப்படி வளர்கிற பிள்ளைக்கு உடற்பயிற்சி என்றாலே வெறுப்பு வராமல் என்ன செய்யும்?

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது இனிமேல்தான் வருகிறது. பள்ளியிலிருந்து வந்த சூட்டோடு, அப்படி என்ன பாடம் பாக்கி என்று அவளுடைய அறிவியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் பாடத்திலும் பென்சிலால் கோடு, ஓரத்தில் 'முக்கியம்', 'இரண்டு மதிப்பெண்' என்று அவள் கையெழுத்து. நடுவில் வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம். உடலில் வரும் மாற்றங்கள், மாதவிடாய், சுகாதாரம். ஒரு கோடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. அச்சு மை வாசனைகூடப் போகாமல் புதுத்தாளாக இருந்தது.

மாலையில் அவளிடம் கேட்டேன். "மிஸ் அதை நடத்தலம்மா. வீட்ல படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. பசங்க சிரிச்சாங்க, நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்."

போர்ஷன் முடியவில்லை என்று விளையாட்டைப் பிடுங்கினாரே, அந்தப் போர்ஷனிலேயே இருக்கிற பாடம் இது! அதைத் தாண்டிப் போவதற்கு மட்டும் மனம் வந்திருக்கிறது. போன மாதம் அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முதல்முறை ரத்தம் பட்டபோது, உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று நினைத்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு ஆறு பக்கம் நடத்தியிருந்தால் போதுமே மிஸ். பயந்து நடுங்கிய அந்த அரை மணி நேரத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31-வது பிரிவில் எழுதியிருக்கிறது, 1989-லேயே. இனி பீரியட் போகிற ஒவ்வொரு வாரமும் நான் எழுத்தில் கடிதம் கொடுப்பேன். பதிலையும் எழுத்தில் கேட்பேன். மற்ற அம்மா அப்பாக்களும் எழுதுங்கள், தயவுசெய்து. "கணக்கு டீச்சர் ரொம்ப நல்லவங்க, கூடுதலா கிளாஸ் எடுக்கறாங்க" என்று நன்றி சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அவர் எடுப்பது உங்கள் பிள்ளையின் நேரத்தை.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர். "உங்க பொண்ணு ஸ்கிப்பிங் ஆடறா போல, மேல தடதடன்னு சத்தம். ராத்திரி எட்டு மணிக்குக் குதிக்கணுமா?" என்கிறார். தெருவில் வண்டி, மாடியில் பூட்டு, பள்ளியில் போர்ஷன். இவள் எங்கேதான் குதிப்பாள், சொல்லுங்கள் சார்?

"நூறு எண்ணி முடிச்சுடட்டும், அப்புறம் நிறுத்தச் சொல்றேன்" என்றேன். உள்ளே அறுபத்து மூன்று எண்ணிக்கொண்டிருந்தாள்.