ரோபோவுக்குப் பாடம் எடுத்த யூகேஜி மாணவி

என் அண்ணன் மகள் வேளச்சேரியில் யூகேஜி படிக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய பள்ளியில் பெற்றோரை வரவழைத்து ஒரு ரோபோவைக் காட்டினார்கள். அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காததால் அண்ணியுடன் நான் போயிருந்தேன். இரண்டடி உயரம், உருண்டைக் கண்கள், நெஞ்சில் ஒரு சின்னத் திரை. எங்கள் வீட்டுக் குட்டியின் முறை வந்தபோது, அது வாழைப்பழப் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டது. "பனானா" என்றாள். புரியவில்லை, மறுபடி சொல் என்றது. மூன்று முறை இப்படியே நடந்ததும், அதை விற்க வந்தவர் பதறி ஓடிவந்தார். அவளோ என் பக்கம் திரும்பி, "அத்தை, இதுக்குக் காது சரியா கேக்கல போல" என்றாள். பிறகு அதன் தலையருகே குனிந்து, "ப... னா... னா. வாழப்பழம். நீயும் சொல்லு" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் "வாளப்பளம்" என்றே சொல்பவள், அன்று நாக்கை மடித்து மடித்து ழகரத்தைத் தேடியதைக் கண்ணால் பார்த்தேன்.

ரோபோவை விற்க வந்தவர் கோளாறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்ட அந்த இரண்டு நிமிடங்கள்தான் அன்றைய நிகழ்ச்சியில் உருப்படியாகக் கல்வி நடந்த நேரம் என்பது என் கருத்து. இது வீட்டுப்பிள்ளைப் பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் 'கோரைட்டர்' என்றொரு திட்டத்தில் இதையே வேண்டுமென்று செய்து பார்த்தார்கள். 58 செ.மீ. உயரமுள்ள நாவோ என்ற ரோபோ கோணல்மாணலாக எழுதும். குழந்தை திருத்திக் காட்டும். ரோபோவின் கையெழுத்து மெல்லத் தேறும். எழுதத் திணறி வகுப்பில் எப்போதும் திட்டு வாங்கும் பிள்ளைக்கும் அங்கே வாத்தியார் நாற்காலி கிடைத்துவிடுகிறது.

ரோபோவே வாத்தியாராக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் ஐந்து வயதை ஒட்டிய 194 குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்பித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோவும் டேப்லெட்டும் சேர்ந்து கற்பித்த அளவுக்கே வெறும் டேப்லெட்டும் கற்பித்தது. ரோபோ கையை ஆட்டி அபிநயம் பிடித்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியில் ரோபோவி என்ற ரோபோவை இரண்டு வாரம் நிறுத்தியபோது, முதல் வாரம் மொய்த்த பிள்ளைகள் இரண்டாம் வாரம் விலகிப் போய்விட்டார்கள். திருவிழாக் கடை பொம்மைக்கும் நம் வீடுகளில் அவ்வளவுதானே ஆயுள்!

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சை அறியும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்களின் குரலில் பழகியவை. குழந்தையின் மெல்லிய குரலும் மழலையும் இடையிடையே விடும் மூச்சும் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. அதோடு நாம் எழுதும் தமிழ் வேறு, வீட்டில் பேசும் தமிழ் வேறு. "தாங்கள் கூறியது விளங்கவில்லை" என்று ஒரு ரோபோ சொன்னால் என் அண்ணன் மகள் அதை வேற்றுமொழி என்றே எடுத்துக்கொள்வாள்.

ஆயினும் இந்தக் கருவிகளை முற்றாக ஒதுக்க எனக்கு மனமில்லை. 2018இல் யேல் பல்கலைக்கழகத்தார் பிறருடன் பழகுவதில் சிரமம் தரும் ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு ரோபோவை ஒரு மாதம் வைத்து, பெற்றோரையும் உடன் உட்காரவைத்து, தினமும் அரைமணி நேரம் விளையாடச் செய்தார்கள். பிறர் பார்க்கும் பொருளைத் தானும் சேர்ந்து பார்க்கும் திறன், ரோபோ அருகில் இல்லாத நேரத்திலும் மேம்பட்டிருந்தது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ரோபோ இல்லாதபோது குழந்தை மனிதர்களிடம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் அளந்தார்களே, அந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்று வந்த விற்பனையாளரோ, குழந்தை எத்தனை நிமிடம் ரோபோவை விட்டு நகராமல் இருந்தது என்பதைத்தான் பெருமையாகச் சொன்னார்.

நகராமல் இருப்பதன் மறுபக்கத்தை அமெரிக்கப் பெற்றோர் பார்த்துவிட்டார்கள். 799 டாலருக்கு விற்ற மாக்ஸி என்ற ரோபோவை நண்பன் என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். 2024 இறுதியில் பணமில்லாமல் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். அதன் மூளை ரோபோவுக்குள் இல்லாமல் நிறுவனத்தின் சர்வர் கணினியில் இருந்ததால், மாக்ஸி ஏன் பேசாமல் போகப்போகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்க ஒரு கடிதத்தையும் நிறுவனமே எழுதிக் கொடுத்தது. நண்பன் இனி பேசமாட்டான் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்தத் தாய் எந்த வார்த்தையில் சொல்வாள்?

பள்ளியிலிருந்து இப்போது ஒரு ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. ரோபோ வகுப்புக்குத் தனிக் கட்டணமாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தையின் குரல் பதிவு எங்கே போகிறது என்பது பற்றிப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அண்ணி அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார்: குரல் எங்கே சேமிக்கப்படுகிறது, நிறுவனம் மூடினால் ரோபோ வேலை செய்யுமா, வகுப்பில் ஆசிரியை உடன் இருப்பாரா. நான்காவதாக, குழந்தைகள் அதற்குச் சொல்லிக்கொடுக்க அனுமதி உண்டா என்று என் பங்குக்கு எழுதச் சொன்னேன். நிறுவனத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் பள்ளியில். படிவத்தைக் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை அவகாசம். அண்ணி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.