கழற்றியதைப் பின்னிருந்து முன்னாக மாட்டினால் போதுமாம்!

பழைய கார்களுக்குப் பழுதுபார்ப்புக் கையேடு எழுதியவர்களுள் ஒருவராவது, மரச்சட்டம் கொண்ட காரில் ஜன்னல் கண்ணாடி ஓடும் தகட்டுப் பள்ளமான சேனலைத் தம் கையால் மாட்டிப் பார்த்திருப்பாரா என்பது எனக்குப் பலத்த சந்தேகம். கழற்றுவதற்கு அரைப்பக்கம் எழுதுகிறவர்கள், மாட்டுவதற்கு மட்டும் 'கழற்றிய வரிசையைப் பின்னிருந்து முன்னாகச் செய்யவும்' என்று ஒரே வரியில் கைகழுவிவிடுகிறார்கள். கழற்றும்போது துருவேறிய ஸ்குருவின் தலை முறிகிறது. தகடு துண்டுதுண்டாகப் பெயர்கிறது. அடியிலிருந்த மரம் கறுத்த ஈரத்தூளாக விரலோடு வருகிறது. இதையெல்லாம் எந்த வரிசையில் திருப்பிச் செய்வதாம்?

மோரிஸ் மைனர் டிராவலரையே எடுத்துக்கொள்வோம். 1953 முதல் 1971 வரை பிரிட்டனில் தயாரான இந்த வண்டியின் பின்பாதியில் இருக்கும் ஆஷ் மரச்சட்டம் அழகுக்காக ஒட்டியதன்று. வண்டியின் பின்னுடலைத் தாங்கி நிற்பதே அதுதான். (மினி என்ற இன்னொரு பிரிட்டிஷ் காரின் மரம் வைத்த வகையில் மரம் வெறும் ஒப்பனை; அது உளுத்தாலும் வண்டி நிற்கும்.) டிராவலரின் பக்கக் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்பவை. அவை ஓடும் கீழ்ச்சேனல் மரத்தின் மேலேயே படுத்திருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழைநீர் நேராக அதற்குள் இறங்குகிறது, உள்ளே இருக்கும் ஃபெல்ட் என்ற கம்பளி போன்ற பட்டை அதைக் குடித்துக்கொள்கிறது, தூசியும் சேர்ந்தால் அங்கே பச்சைப்பசேலென்று பாசியே வளர்கிறது. ஆஷ் வலுவான, வளைந்து கொடுக்கும் மரம்தான். ஆனால் உளுத்தலைத் தாங்கும் திறனில் ஐரோப்பிய வகைப்பாட்டின் கடைசிப் படியான 5ஆம் வகுப்பில் கிடக்கிறது. ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஈரத்துக்கு ஆகாத மரத்தின் தலையில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிவைத்த புண்ணியவானை என்ன சொல்வது!

சரி, அது அன்றைய கோளாறு. இன்று 'அப்படியே பொருந்தும்' என்று சொல்லி விற்கிறார்களே, அந்தச் சேனலை என்னவென்பது? ஃபெல்ட் அளவுக்கு மீறித் தடிமனாக இருப்பதால், கண்ணாடியை நுழைத்தால் பாதியில் இறுகி நிற்கிறது. பிடித்து இழுத்தால் கண்ணாடி நகர்வதற்குப் பதிலாக ஃபெல்ட்டே பசைவிட்டுச் சுருண்டு ஒரு மூலையில் போய்க் குவிகிறது. பல சேனல்களில் நீர் வடிய ஒரு துளைகூட இல்லை. துளை போட்டால் வெட்டுவாய் வழியாகத் துரு ஏறும். போடாவிட்டால் மரம் உளுக்கும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் வாங்குபவருக்குத் தாராளமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

மரம் இரும்பைப் போல ஒரே அளவில் நிற்பதில்லை என்பதை இவர்களுக்கு யார் சொல்வது? பச்சை மரம் முற்றிலும் காயும்போது நீளவாக்கில் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்கும். குறுக்குவாக்கிலோ பல சதவீதம் சுருங்கும். அதனால்தான் வறண்ட நாளில் கடகடவென ஆடும் கண்ணாடி, அடைமழைக் காலத்தில் அசைய மறுக்கிறது. அரை நூற்றாண்டாக வெயிலும் மழையும் தின்ற சட்டங்களில் இடது பக்கமும் வலது பக்கமுமே ஒன்றுபோல் இருப்பதில்லை. சேனலோ அளவுகோல் வைத்து இழுத்த கோடுபோல நேராக வருகிறது. தொய்ந்த சட்டத்தின் மேல் அதை வைத்தால் நடுவில் இடைவெளி விழும். ஸ்குருவை முறுக்கி அந்த இடைவெளியை மூடினால் சேனலின் வாய் இறுகிக் கண்ணாடியைக் கவ்வும்.

அந்த இடைவெளியில் சிலிகான் பசையை நிரப்பச் சொல்லும் அறிவாளிகள் தனிரகம். புளித்த காடி வாடை வீசும் மலிவு வகையிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் தகட்டையே அரிக்கும். அதன் பிசுக்குப் படிந்த மரத்தில் பிறகு வார்னிஷும் பிடிக்காது. அங்கே வேண்டியது இறுகிப்போகாத மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை. அதையும் சேனலுக்கு அடியில் மெல்லப் பரப்ப வேண்டும், வடிகால் துளையை அடைக்காமல். இந்த ஒரு வாக்கியத்தை அச்சிட எந்தக் கையேட்டுக்கும் இடமில்லை.

சேனல் பொருந்தவில்லை என்று விற்றவரிடம் முறையிட்டால், 'மரத்தைச் சற்றே செதுக்கிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்' என்று கூசாமல் பதில் வருகிறது. தகட்டை ஒழுங்காக மடித்து, மெல்லிய ஃபெல்ட்டை ஒட்டித் தர இவர்களுக்கு உடம்பு வணங்காது. அதற்காக, வண்டியைத் தாங்கும் சட்டத்தில் நான் உளி வைக்க வேண்டுமாம்!