பூட்டித்தானே கிடக்கு

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வளவு. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குக் கனடாவில் இருந்து வந்த வீட்டுக்காரர் கணக்குக் கொப்பியை வெயிலுக்கு மறைப்பாகவும் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார். பக்கத்தில், அந்த வீட்டைப் பொறுப்பெடுத்துப் பராமரிக்கும் கோமதி.)

வீட்டுக்காரர்: இதென்ன தங்கச்சி, "பீலி, 4,500"? மயில் வளக்கிறீங்களா?

கோமதி: கூரைப் பீலி அண்ணன். மழைத்தண்ணி ஓடுற பீலி.

வீட்டுக்காரர்: வீடு பூட்டித்தானே கிடக்கு. பூட்டின வீட்டில பீலிக்கென்ன செலவு?

கோமதி: வீட்டைத்தான் பூட்டின, வேம்பைப் பூட்டல்லயே. சருகு முழுக்க பீலிக்குள்ளதான். புரட்டாசி முடியிறதுக்குள்ள அள்ளல்லயெண்டா கார்த்திகை மழைக்குத் தண்ணி போக வழியில்லாம ஓட்டுக்குக் கீழால ஏறி சலாகையை நனைக்கும். மறுகா கைமரம் உக்கும். ஒரு கைமரம் மாத்துறதுக்கு அந்தப் பக்கத்து ஓடு முழுக்க இறக்கோணும். இறக்கையில பாதி உடையும். அந்தக் கணக்கை எழுதினா இந்தக் கொப்பி காணாது.

வீட்டுக்காரர்: சரி, விடுங்க. தேங்காய் எத்தின?

கோமதி: வாறன். முதல்ல செலவை முடிப்பம்.

வீட்டுக்காரர்: "கக்கூசுக்குத் தண்ணி ஊத்தின, கிழமைக்கு ஒருக்கா." ஆரும் போகாத கக்கூசுக்கு ஆர் தண்ணி ஊத்தச் சொன்ன?

கோமதி: ஆரும் போகாததாலதான் ஊத்துற. கோப்பைக்குக் கீழ வளைவில நிக்கிற தண்ணிதான் மலக்குழிக்கும் உங்கட அறைக்கும் நடுவில இரிக்கிற கதவு. அது வத்தினா நாத்தமும் கரப்பத்தானும் நேர மேல வரும். வத்தாம நிண்டா நுளம்பு முட்டை போடும். முட்டை நுளம்பாகிப் பறக்க 7 தொடக்கம் 10 நாள். அதாலதான் கிழமைக்கு ஒருக்கா சிஸ்டனை அடிச்சுவிட்டு, கோப்பை வாயை பொலித்தீனால இறுக்கிக் கட்டுற. குளிக்கிற அறை ஓட்டைக்கும் ஒரு வாளி ஊத்துற.

வீட்டுக்காரர்: இவ்வளவு வீடு கிடக்க நுளம்புக்கு என்ர வீடுதானா கிடைச்ச?

கோமதி: பூட்டித்தானே கிடக்கு அண்ணன். அதுக்கும் கரைச்சல் இல்லாத இடம் வேணுமே. சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்து புழுவைக் கண்டாரெண்டா 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில வழக்கு வைக்கலாம். வீட்டுக்காரர் டொரண்டோவில எண்டு சொன்னா புழு நீந்திறதை நிப்பாட்டாது.

வீட்டுக்காரர்: "மோட்டார் சுத்தின, மாதம் 500." விளையாட்டுச் சாமானா?

கோமதி: இது கடல் காத்து. ரெண்டு மூணு மாதம் சும்மா விட்டா உள்ளுக்க சக்கரம் துருவில இறுகிடும். இறுகினதுக்கு கரண்டைக் குடுத்தா உறுமும், சுத்தாது, கொஞ்ச நேரத்தில கொயில் எரியும். அதால முதல்ல விசிறிப் பக்கத்தால கையால ஒரு சுத்து. சுத்தினா மேல் மூடியைக் கழட்டித் தண்ணி ஊத்திப் பாக்கிற. ஊத்தின தண்ணி கீழ இறங்கினா கிணத்துக்குள்ள, குழாய் அடியில தண்ணியைத் திரும்பி இறங்கவிடாத புட்வால்வ் பிடிக்கல்ல எண்டு அர்த்தம். நிண்டாத்தான் சுவிச்சைத் தொடலாம். தண்ணியில்லாம ஓடினா சீல் கருகி, ஒழுக்கு மோட்டாருக்குள்ள போகும். பத்து நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டுற.

வீட்டுக்காரர்: அந்தத் தண்ணி தென்னைக்கும் போகுதா?

கோமதி: போகுது.

வீட்டுக்காரர்: அப்ப எத்தின காய்?

(மோட்டார் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது; சற்றுமுன் அதன் மேல்தான் கைப்பையை வைத்தார். ஆனால் தென்னை பதினொன்று என்பதும், எது செவ்விளநீர் என்பதும் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அநேகமாக எல்லாரும் இப்படித்தான்.)

கோமதி: போன பறிப்பில 84 காய். காய் 90 ரூபாப்படி 7,560. மரத்துக்கு 150 ரூபாப்படி ஏறுகூலி 1,650. மிச்சம் 5,910, வரவில எழுதியிரிக்கி.

வீட்டுக்காரர்: 84ஆ! அப்பா இருக்கையில 120க்குக் குறைஞ்சதில்ல.

கோமதி: அப்பா உரம் போட்ட. போன மாரிக்கு உரக்காசு கேட்டு நான் போட்ட மெசேஜ் இன்னும் நீலமாகல்ல. வெள்ளை ஈ வேற. ஓலைக்கு அடியில பாருங்க, மாப் பூசின மாதிரி.

வீட்டுக்காரர்: இதென்ன "சோலை வரி"? பதினொரு தென்னை நிண்டா சோலையா? மரத்துக்குமா வரி?

கோமதி: மாநகர சபை வரி அண்ணன், வீட்டுக்கு. ஜனவரி 31க்குள்ள முழு வருசத்துக்கும் கட்டினா நூத்துக்கு 10 கழிவு. காலாண்டுக் கணக்கெண்டா முதல் மாதத்துக்குள்ள கட்டினா 5. டிசம்பர்ல இருந்து மூணு தரம் ஞாபகப்படுத்தின. உங்கட காசு வந்த பெப்ரவரி 4. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்ச நாளில உங்கட கழிவும் சுதந்திரமாப் போயிட்டு.

வீட்டுக்காரர்: கரண்ட் பில்லுமா? ஒரு லைட்டும் எரியல்ல. பூட்டித்தானே...

கோமதி: யூனிட் பூச்சியமெண்டாலும் நிலையான கட்டணம் வரும். கட்டாம விட்டா வெட்டுவான். திரும்பக் குடுக்க வேறயா காசு. பிரிட்ஜை மட்டும் கழட்டி, கதவு மூடாம நடுவில தும்புக்கட்டை வச்சிரிக்கன். மூடி வச்சா பூஞ்சணம்.

வீட்டுக்காரர்: "பித்தளைப் பூட்டு 2. பூட்டு வெட்டுகூலி." தங்கச்சி, பூட்டு வெட்டினதா? கள்ளனா?

கோமதி: கள்ளன் வந்திருந்தாலும் அவனுக்கும் ஏலாது. நான் பொறுப்பெடுக்கையில உங்கட இரும்புப் பூட்டு உள்ளுக்க துருவேறி, சாவி பாதியில முறிஞ்சு போச்சு. இப்ப பித்தளை. ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா பென்சில் கரித்தூள் போடுற. எண்ணெய் விட்டா கடல் மணல் ஒட்டும். பூட்டித்தானே கிடக்கு எண்டு நீங்க மட்டுமில்ல, பூட்டும் நம்பிக் கிடந்திரிக்கி.

வீட்டுக்காரர்: (கொப்பியை மூடி) இஞ்ச பாருங்க. மாதம் 8,000 உங்களுக்கு, மறுகா இந்தச் செலவு வேற. என்ர சித்தப்பாட மகன் சும்மா பாக்கிறன் எண்டு சொல்றான்.

கோமதி: குடுங்க. ஆனா சும்மா எண்டு குடுக்காதீங்க, எழுத்தில குடுங்க. 10 வருசம் ஆரும் கேக்காம இருந்திட்டு ஆட்சியுரிமை எண்டு கோட்டுக்குப் போற ஆக்கள் இந்தப் பக்கத்தில இல்லாம இல்ல. என்னட்ட மாதம் மாதம் கூலி வாங்கிக் கையெழுத்து வச்ச கொப்பி இரிக்கி. நான் நினைச்சாலும் உங்கட வீட்டைக் கேக்க ஏலாது. அந்த 8,000க்குள்ள இதுவும் சேர்த்திதான்.

வீட்டுக்காரர்: அவன் சொந்தம், தங்கச்சி.

கோமதி: வழக்காடுறவங்களும் அநேகம் சொந்தம்தான். அது சரி, ராத்திரி எங்க தங்கின?

வீட்டுக்காரர்: பாசிக்குடாவில, கடற்கரை ஹோட்டலில. ஒரு ராத்திரிக்கு 32,000.

கோமதி: சொந்த வீடு இரிக்க?

வீட்டுக்காரர்: இது பூட்டித்தானே கி...

(நிறுத்துகிறார்.)

கோமதி: நீங்க போகுமட்டும் அந்த அறையும் பூட்டித்தானே கிடந்திருக்கும். கக்கூசு நாறிச்சா?

வீட்டுக்காரர்: இல்ல.

கோமதி: பைப்பைத் திறந்தா தண்ணி வந்ததா?

வீட்டுக்காரர்: வந்த.

கோமதி: எப்படி அண்ணன்?

வீட்டுக்காரர்: (நெடுநேரம் யோசித்து) அவங்கட வளவில தென்னை ஒரு நாப்பது நிக்கும் தங்கச்சி. ஒரு பறிப்புக்கு எத்தின காய் வரும்?