அப்பளத்திலும் ஊறுகாயிலும் சேரும் உப்பு
உணவு மேசையிலிருந்து உப்புக் குப்பியை அகற்றினாலே நாம் உண்ணும் உப்பிலுள்ள சோடியம் குறைந்துவிடும் என்று உப்பைக் குறைப்பது பற்றிய ஒரு கட்டுரை சொல்வது, சோற்றில் மேலும் உப்பைத் தூவி உண்ணும் வழக்கம் அவ்வளவாக இல்லாத எங்கள் மதுரைப் பக்கத்து வீடுகளுக்குப் பொருந்தாது. இட்லி மாவில் தொடங்கி சட்னி, சாம்பார், பொடி என எல்லாவற்றிலும் சமைக்கும்போதே உப்பு சேர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி மட்டுமே. இரத்த அழுத்தம் உள்ள என் தாயாருக்காகக் குழம்பில் உப்பைப் பாதியாகக் குறைத்திருந்தோம். ஆனாலும் அவர் உண்பதையெல்லாம் ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான், நாள்தோறும் இரண்டு அப்பளமும், மோர்ச்சோற்றுக்கு மோர் மிளகாயும் மாங்காய் ஊறுகாயும் தவறாமல் இடம்பெறுவது தெரிந்தது. அப்பள மாவில் உப்போடு அப்பளக்காரமும் கலக்கிறார்கள். அதிலும் சோடியம் இருக்கிறது, ஆனால் நாக்குக்கு அந்த அளவு கரிப்பதில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக, இந்துப்புக்கு மாறினால் போதும் என்று முன்னர் எழுதியிருக்கும் வாசகர், அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பைப் போலவே சோடியம் குளோரைடுதான் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பொட்டாசியம் கலந்த உப்பில் சோடியம் குறைவு என்பது உண்மையே; ஆயினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது அப்பளம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மோர்ச்சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதிலாகச் சின்ன வெங்காயம்.