மாந்தோப்பில் தங்க மாம்பழ சீசனில் போகாதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக்குள் ஒரு வீடு பிடித்து ரெண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோர் மே, ஜூனில்தான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். மரத்தில் காய் தொங்கும், பிள்ளைகள் பறித்துத் தின்னும் என்கிற ஆசை. கையைக் கடிக்காமல் தங்கிவர நினைக்கும் குடும்பத்துக்கு வருடத்திலேயே தோதில்லாத காலம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், அந்தக் காய் உங்களுக்கு இல்லை. பல தோப்புகளில் தோட்டக்காரருக்கே இல்லை. பூ எடுக்கும்போதோ பிஞ்சு நிற்கும்போதோ மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. வியாபாரி பணம் கொடுத்துவிட்டால் அறுவடை முடியும்வரை காய் அவர் சொத்து. காவலுக்கு ஆளும் போட்டிருப்பார். வீட்டு வாடகை கொடுத்திருக்கிறோமே என்று பிள்ளைகள் நாலு காய் பறித்தால் தோட்டக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் நடுவில் சண்டை வரும். அதனால் எந்த மாதம் போனாலும், 'மரம் குத்தகையில் இருக்கா, உங்க கையில் இருக்கா?' என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். தன் கையில் வைத்திருப்பவர் சந்தோஷமாகவே பறிக்கவிடுவார். அதற்கு மண்டி விலையாவது கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

இரண்டாவது, சத்தமும் சூடும். செந்தூரா, அல்போன்சா முந்திக்கொள்ளும். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு, ஜூன் ஜூலையில் இறங்கும். அப்போது தோப்புக்குள் டிராக்டரும் மினி லாரியும் ராத்திரியிலும் வந்து போகும், காய்ப் பெட்டி அடுக்கும் சத்தம் ஓயாது. மே மாதமோ தகரக் கூரை அறையில் ஏசி இல்லாமல் பகலில் உட்கார முடியாது. ஏசி அறை என்றால் வாடகை ஏறிவிடும். போர்வெல் தண்ணீரும் அப்போதுதான் ஆக அடியில் கிடக்கும்.

என் பரிந்துரை ஆடியின் பின்பாதியிலிருந்து ஆவணி வரை. பெங்களூரா பெரும்பாலும் இறங்கியிருக்கும், குத்தகைக் காவல் கழன்றிருக்கும், கடைசி ரகமான நீலம் மட்டும் அங்கங்கே நிற்கும். மழை நாலு தடவை விழுந்திருந்தால் மரத்தடியெல்லாம் பச்சை கட்டியிருக்கும். சாயங்காலக் காற்றுக்கு மின்விசிறிகூட வேண்டியிருக்காது. ஆடிப்பெருக்கு நாளை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஒகேனக்கல்லிலும், கே.ஆர்.பி. அணை எனப்படும் கிருஷ்ணகிரி அணையிலும் கால் வைக்க இடமிருக்காது.

மார்கழி, தை குளிர் பிடிக்கும் என்பவர்களுக்கு அதுவும் நல்ல காலம்தான். ஆனால் அது மாமரம் பூக்கிற பருவம். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடிப்பார்கள். சிலர் ஒரே பருவத்தில் மூன்று நாலு முறை அடிப்பதுண்டு. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால், 'எப்ப மருந்து அடிச்சீங்க, அடுத்து எப்ப?' என்று கேட்காமல் முன்பணம் போடாதீர்கள். பக்கத்துத் தோப்பில் அடித்தாலும் காற்றில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதத்தை விடக் கிழமை முக்கியம். பெங்களூரு இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வெள்ளி, சனி இரவுகளின் வாடகை பெங்களூருக் கூட்டத்தை வைத்துப் போடப்படுவது. ஞாயிறு மதியம் அவர்கள் கிளம்பியதும் அதே அறை காலியாகக் கிடக்கும். ஞாயிறு மதியம் போய் செவ்வாய் காலை கிளம்புகிற மாதிரி ரெண்டு இரவாகக் கேட்டால் பேசுவதற்கு இடம் இருக்கிறது. ஒரே இரவு தங்குவது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். மதியம் 12 மணிக்கு நுழைந்து மறுநாள் 11 மணிக்குக் காலி செய்தால் கையில் இருப்பது 23 மணி நேரம். தூக்கம், குளியல், மூட்டை கட்டுவது போக மிச்சம் அரை நாள் தேறினால் அதிகம். போக வர ஆட்டோச் செலவோ ஒரு இரவுக்கும் ரெண்டு இரவுக்கும் ஒன்றுதான்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். இடத்துக்கு இடம் விலை மாறும், தலைப்புகள் மாறாது. அறை 1,600 வீதம் ரெண்டு இரவு 3,200. கூடுதல் படுக்கை இரவுக்கு 300 என்றால் 600. ஜிஎஸ்டி பதிவு உள்ள இடமாக இருந்தால் 5 சதவீதம், 190. (ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். அதற்கு முன் இருந்த 12 சதவீதத்தை இன்னும் யாராவது போட்டால் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.) சாப்பாடு தலைக்கு ஒரு நாளைக்கு 350 வைத்தால் 2,800. குடிநீர் கேன் ரெண்டு, 80. ஆட்டோ போக வர 500. உள்ளூரில் சுற்ற 300. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் கையில் கொடுக்க 300. கூட்டினால் 7,970. ஊரிலிருந்து வரும் செலவு தனி. இதில் அறை வாடகை பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வாடகையில் 200 ரூபாய் குறைத்துவிட்டு, சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோப்பைப் பிடித்தால், ஒவ்வொரு பால் பாக்கெட்டுக்கும் ஆட்டோ கூப்பிட வேண்டிவரும்.

வந்து சேர்வதைப் பற்றிச் சுருக்கமாக. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. சேலம்–பெங்களூரு தடத்தில் தர்மபுரி, ராயக்கோட்டை, ஓசூர் இருக்கின்றன. ராயக்கோட்டையில் எல்லா ரயிலும் நிற்காது. சென்னையிலிருந்து வருபவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம், இல்லையென்றால் நேராகப் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். தோப்பு டவுன் பஸ் தடத்தில் இருந்தால் பெரிய மிச்சம். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் நம்பரையும் கடைசி பஸ் நேரத்தையும் தோட்டக்காரரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013இல் தொடங்கினார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ரெண்டு நாள் போர் தண்ணீர் குடித்தால் பல்லில் கறை ஏறிவிடாது, அது வருடக்கணக்கில் குடிப்பதால் வருவது. ஆனாலும் 'கொதிக்க வெச்சுக் குடுக்கிறோம் சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, ஆர்.ஓ. இருக்கிறதா, கேன் வாங்க வேண்டுமா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்றால் நாலு பேருக்கு ரெண்டு நாளுக்கு 24 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ரெண்டு. மிச்சத் தண்ணீரில் பருப்பு வேகவையுங்கள். உப்புக் கூடிய போர் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது, கேஸ்தான் தீரும்.

புழங்கும் தண்ணீருக்குத் தொட்டியின் கொள்ளளவைக் கேட்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில் நாலு பேருக்கு 540 லிட்டர். மூன்று அறைக்கும் சேர்த்து ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றே ஒன்று இருந்தால், மோட்டார் ஓடாத நேரத்தில் கடைசியாகக் குளிப்பவர் பாதி சோப்போடு நிற்பார். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில்தான் பல தோட்டங்களில் மோட்டார் ஓடும். அது எந்த நேரம் என்று தெரிந்துகொண்டால் துவைப்பதையும் தலைகுளிப்பதையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

'நீச்சல் குளம் இருக்கா?' என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். இருபதுக்குப் பத்தடி, நாலடி ஆழம் என்று சின்னதாக ஒரு குளம் கட்டினாலே 22,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 6,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட நாலு. வெயிலில் ஆவியாவதற்குத் தினமும் ஊற்ற வேண்டும். நூறு நூறு அடியாகப் போர் போட்டுக் கீழே போய்க்கொண்டிருக்கும் ஊரில், சொட்டு நீர் போட்டு மரத்தைக் காப்பாற்றுகிற தோட்டக்காரரைக் குளம் கட்டச் சொல்லி நெருக்குவது நம்முடைய இந்தக் கேள்விதான். அந்தச் செலவு வாடகையிலும் ஏறும். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் விளையாட வேண்டும் என்றால், பாசனத்துக்கு மோட்டார் ஓடும் நேரத்தில் தோட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு குழாயடியில் நிற்க விடுங்கள். அந்தத் தண்ணீர் மரத்துக்கே போய்ச் சேரும்.

அறையைப் போட்டோவில் பார்க்கும்போது கூரையையும் ஜன்னலையும் பாருங்கள். ஓட்டுக் கூரையோ உயரமான கான்கிரீட்டோ நல்லது. ஜன்னலில் கொசுவலை அடித்திருக்க வேண்டும், கதவுக்கடியில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கக் கூடாது. தரையில் பாய் விரித்துப் படுப்பது தோட்டத்து வீட்டில் வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, தரையில் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். அந்தக் கடி பல நேரம் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகுவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் தாமதிக்காமல் 108. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலுமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டிலும், மெத்தைக்கடியில் சுற்றிச் செருகிய கொசுவலையும் இருந்தால் இந்தப் பயம் பெருமளவு குறையும். கொசுவலை இல்லாத இடத்துக்குச் சொந்தமாகவே ஒன்று எடுத்துப் போங்கள், தலைக்கொரு டார்ச்சும். கழிப்பறை வெளியில் இருந்தால் வாடகை 300 ரூபாய் குறைவு என்றாலும் வயதானவர்களோடு போகிறவர்கள் எடுக்காதீர்கள்.

சாப்பாட்டைத் தோட்டத்துக் குடும்பத்திடம் சொல்லிச் சமைத்து வாங்குவதுதான் ருசி, மலிவும்கூட. முந்தின நாளே சொல்ல வேண்டும். நாட்டுக்கோழியை உயிர் எடையில் விலை சொல்வார்கள். ஒன்றரை கிலோ கோழி சுத்தம் செய்தபின் ஒரு கிலோ சொச்சம் நிற்கும். நாலு பேருக்குத் தாராளம். மறுநாள் நொய் போட்டுக் கிண்டிய ராகிக் களியும் கீரைக் கடைசலும் கேளுங்கள். ஓட்டல் சாப்பாட்டுக்குத் தினமும் டவுனுக்குப் போய்வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஆட்டோவுக்குப் போகும்.

எங்கே தங்குகிறோமோ அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். கிருஷ்ணகிரியில் தங்கினால் கே.ஆர்.பி. அணை, காவேரிப்பட்டணம், சந்தூர் நாற்றங்கால்கள், ஞாயிறென்றால் போச்சம்பள்ளி சந்தை போதும். ஒகேனக்கல்தான் ஆசை என்றால் பென்னாகரம் பக்கம் தோட்டம் தேடுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து போய்வந்தால் ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் கழியும். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் தடை செய்துவிடும். ஆடி, ஆவணியில் இது அடிக்கடி நடக்கும். கிளம்பும் நாள் காலையில் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் 'யானை பார்க்கலாம்' என்று விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் வயலுக்கு இறங்குவது அங்குள்ள விவசாயிக்கு வருடா வருடம் வரும் உயிர் பிரச்சினை. இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் இரு சக்கர வாகனம் வேண்டாம்.

முன்பணம் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் வீடியோ காலில் வாசலிலிருந்து கழிப்பறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். யுபிஐயில் வரும் பெயர் பேசியவர் சொன்ன பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடையாளத்துக்குக் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் கொடுத்தால் போதும்.

ஆடி, ஆவணியில் போனவர்கள் நீலம் பத்துக் கிலோ வாங்கி வாருங்கள். காம்பு ரெண்டு விரல்கடை விட்டு வெட்டி, பால் வடியும்வரை கவிழ்த்து வைத்த காயாகக் கேளுங்கள். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வீட்டில் வைக்கோலிலோ செய்தித்தாளிலோ ஒரே அடுக்காகப் பரப்பினால் ஒரு வாரத்துக்குள் பழுத்துவிடும், கார்பைடு கல் எதுவும் வேண்டாம். நீலத்தில் கொட்டை வண்டு சகஜம். வெளியில் பழம் நன்றாகவே இருக்கும், கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருக்கும். சதையில் ஓட்டையோ கருப்போ இல்லையென்றால் பழத்தைச் சாப்பிடலாம், கொட்டையை மட்டும் மண்ணில் போடாமல் எரித்துவிடுங்கள்.